அறுபது ஜாடி வேண்டாம், ஒரு தொட்டி போதும்

போன வாரம் நம்ம சிவில் டிபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் வந்தது. ஃப்ரெஷர்ஸ் டேக்கு ஜூனியர்ஸ்க்கு என்ன கிஃப்ட் கொடுக்கலாம்? மூணு ஆப்ஷன். போட்டோ ஃபிரேம், காபி மக், அப்புறம் கண்ணாடி ஜாடியில ஆளுக்கொரு ஃபைட்டர் மீன். ஜாடி ஒண்ணு 120 ரூபாய், 60 பேருக்கு 7,200 ரூபாய். நான் பார்த்தப்போ மீன் ஜாடிதான் ரொம்ப முன்னாடி இருந்தது. கீழ நெருப்பு எமோஜி வேற.

நான் காபி மக்குக்கு ஓட்டு போட்டேன். ஏன்னு கேட்டாங்க. குரூப்ல டைப் பண்ணா சண்டை ஆகும், அதனால இங்க எழுதுறேன். நான் பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், என் தமிழ் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், பொறுத்துக்கோங்க. மத்த டிபார்ட்மென்ட் ஆளுங்களும் படிக்கலாம். யார் வீட்டுலயாவது ஒரு மீன் தொட்டி வர வாய்ப்பு இருக்கு.

முதல்ல என் குற்றத்தை ஒத்துக்கறேன். செகண்ட் இயர்ல என் தங்கச்சி பிறந்தநாளுக்கு ஒரு உருண்டைக் கண்ணாடி பவுலும் ரெண்டு கோல்டு ஃபிஷ்ஷும் வாங்கிட்டு வந்தேன். பவுல்ல மூணு லிட்டர் தண்ணி பிடிக்கும். கடையில கலர் கல்லும், ஒரு பிளாஸ்டிக் செடியும், ஒரு டப்பா தீனியும் கொடுத்தாங்க. "டெய்லி நாலு உருண்டை போடுங்க, வாரம் ஒருதடவை தண்ணி மாத்துங்க"ன்னு சொன்னாங்க. அவ்வளவுதான் இன்ஸ்ட்ரக்‌ஷன். தங்கச்சி ரெண்டுக்கும் பேர் வச்சா. நாலாவது நாள் தண்ணி பால் கலந்த மாதிரி மங்கலாச்சு. ஆறாவது நாள் ரெண்டும் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்தது. பசிக்குதுன்னு நினைச்சு இன்னும் தீனி போட்டேன். எட்டாவது நாள் ஒண்ணு, ஒன்பதாவது நாள் இன்னொண்ணு. அம்மா பவுலைக் கழுவிக் கவிழ்த்து வச்சாங்க. தங்கச்சி என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி, "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்கிட்ட பதில் இல்ல. "மீன்னா அப்படித்தான்"னு சொல்லி வச்சேன்.

பதில் எனக்கு எங்க கிடைச்சதுன்னா, தேர்ட் இயர்ல வேஸ்ட்வாட்டர் இன்ஜினியரிங் கிளாஸ்ல. மத்தியானம் முதல் பீரியட், பாதி கிளாஸ் தூக்கம். சார் போர்டுல எழுதுறாரு: அமோனியா, அங்கிருந்து ஒரு அம்புக்குறி நைட்ரைட், அங்கிருந்து இன்னொரு அம்புக்குறி நைட்ரேட். ரெண்டு அம்புக்குறி மேலயும் பாக்டீரியா பேர். நைட்ரிஃபிகேஷன், பதிமூணு மார்க் கேள்வி, கண்டிப்பா வரும்னு சொன்னாரு. நான் நோட்ல எழுதிக்கிட்டே இருந்தப்போ கை நின்னுடுச்சு. அந்த பவுல்ல இருந்ததும் இதேதானே? ரெண்டு உயிர் கழிக்கிற கழிவு, சாப்பிடாம அழுகுற தீனி, அதைச் சுத்தம் பண்ண ஒரு பாக்டீரியாகூட இல்லாத மூணு லிட்டர் தண்ணி. எங்க வீட்டு டைனிங் டேபிள் மேல நான் வச்சிருந்தது ட்ரீட்மென்ட் ப்ளான்ட் இல்லாத ஒரு சாக்கடை. அதுக்குள்ள ரெண்டு மீனை விட்டிருந்தேன்.

கொஞ்சம் கணக்கு போடுவோம். மீன் அமோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாவே வெளிய விடும். ஒரு லிட்டர் தண்ணியில ஒரு மில்லிகிராம் அமோனியா சேர்ந்தா அது ஒரு பி.பி.எம். அது மீனுக்கு ஆபத்தான அளவு. அதே ஒரு மில்லிகிராம் 50 லிட்டர் தண்ணியில சேர்ந்தா 0.02 பி.பி.எம். கழிவு ஒண்ணுதான், தண்ணி அளவுதான் வேற. சின்ன தொட்டி மெயின்டெய்ன் பண்ண ஈஸின்னு எல்லாரும் நினைக்கறோம். உண்மை நேர் எதிர். தண்ணி எவ்வளவு கம்மியோ, நீங்க தப்பு பண்ண இடமும் அவ்வளவு கம்மி. இன்னொரு விஷயம், நம்ம போர் தண்ணி பல இடத்துல பி.எச். 8 பக்கம் இருக்கும். 7-ல இருந்து 8-க்குப் போனா அமோனியாவோட விஷமான வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்கு ஆகும். அதே மீன், அதே தீனி, உங்க ஏரியா தண்ணி மாறினா ரிசல்ட் மாறும்.

இப்போ நீங்க சொல்லப்போறது எனக்குத் தெரியும். "அது கோல்டு ஃபிஷ் ப்ரோ. ஃபைட்டர் சின்ன தண்ணியிலயே வாழும். கடையில டம்ளர் சைஸ் பாட்டில்லதானே வச்சிருக்காங்க?"

பாதி சரி. ஃபைட்டருக்குத் தலைக்குள்ள லேபிரிந்த்னு ஒரு உறுப்பு இருக்கு. தண்ணிக்கு மேல வந்து நேரா காத்தை இழுத்துக்கும். அதனால ஆக்சிஜன் கம்மியான தண்ணியிலயும் சமாளிக்கும். அதோட சொந்த ஊர் தாய்லாந்து பக்கம், நெல் வயலும் சதுப்பும். 2019-ல தாய்லாந்து அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சாங்க. ஆனா வயல்ல தண்ணி ஆழம்தான் கம்மி, பரப்பு கம்மி இல்ல. ஒரு வயல் தண்ணிக்கும் ஒரு ஜாடி தண்ணிக்கும் உள்ள வித்தியாசத்தைச் சிவில் ஸ்டூடண்டுக்கு நான் விளக்கத் தேவையில்ல. மூச்சுப் பிரச்சினையைத்தான் அந்த உறுப்பு தீர்க்கும், அமோனியா பிரச்சினையைத் தீர்க்காது. செவுளும் தோலும் அதே தண்ணியிலதானே இருக்கு. கடைக்காரர் பாட்டில்ல வைக்கிறது விக்கிற வரைக்கும்தான். நல்ல கடையில அந்தத் தண்ணியை அடிக்கடி மாத்துவாங்க, அது அவங்க வேலை. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பையன் இன்டர்னல்ஸ் வாரத்துல மாத்துவானா? அதுல பாதிப் பேர் ஹாஸ்டல். தீபாவளிக்கு ஊருக்குப் போறப்போ ஜாடியை பஸ்ல மடியில வச்சிக்கிட்டுப் போவாங்களா, இல்ல ரூம்ல பூட்டிட்டுப் போவாங்களா? சரியா பார்த்துக்கிட்டா ரெண்டு மூணு வருஷம் வாழற மீன் அது. நம்ம கிஃப்ட்ல அது செமஸ்டர் தாண்டாது.

ஜூனியர்ஸ்க்கு நாம கொடுக்கப்போறது மீன் இல்ல. ரெண்டு வாரம் கழிச்சு "நான் என்ன தப்பு பண்ணேன்"ங்கிற அந்தக் கேள்வியை 60 பேருக்குக் கொடுக்கறோம். என் எதிர்ப்பு இதுக்குத்தான்.

வேணாம்னு மட்டும் சொல்லிட்டுப் போறது ஈஸி. அதனால என் மாற்று ஆப்ஷனையும் சொல்றேன். அதே 7,200 ரூபாய்க்கு டிபார்ட்மென்ட் வராண்டாவுல ஒரே ஒரு தொட்டி வைப்போம். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம். ரெண்டு கடையில விலை கேட்டுட்டேன். ஸ்டாண்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஏர் பம்ப், லைட்டு, டெஸ்ட் கிட் எல்லாம் அதுக்குள்ள வந்துடும். அது ஃபர்ஸ்ட் இயர் பேட்சோட தொட்டி. அவங்கதான் ஓனர்.

இது வெறும் ஐடியா இல்ல. தங்கச்சிக்குப் பதில் சொல்லணும்னு போன வருஷம் வீட்டுல இதே சைஸ்ல ஒண்ணு செட் பண்ணேன். அதுல கத்துக்கிட்டதை வரிசையா சொல்றேன்.

முதல்ல இடம். ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு தொட்டியில 50 லிட்டருக்குக் கொஞ்சம் மேல தண்ணி பிடிக்கும். தண்ணி, கண்ணாடி, கல்லு எல்லாம் சேர்த்தா 70 கிலோ தாண்டும். ஆட்டம் போடுற பிளாஸ்டிக் டேபிள் தாங்காது. ஸ்பிரிட் லெவல் வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சாய்ஞ்சா ஒட்டு விட்டுடும். கீழ ஒரு தெர்மாகோல் ஷீட் போடுங்க. நேர் வெயில் படற ஜன்னல் பக்கம் வேண்டாம். தொட்டி முழுக்கப் பச்சையாயிடும்.

ரெண்டாவது தண்ணி. கார்ப்பரேஷன் தண்ணின்னா குளோரின் இருக்கும். அது மீனோட செவுளையும் அரிக்கும், நமக்கு வேண்டிய பாக்டீரியாவையும் கொல்லும். கடையில ஆன்டி குளோரின்னு ஒரு பாட்டில் கொடுப்பாங்க. பெரும்பாலும் அதுக்குள்ள இருக்கறது சோடியம் தயோசல்ஃபேட், நம்ம என்விரான்மென்டல் லேப்ல ப்யூரெட்ல ஊத்தற அதே ஐட்டம். போர் தண்ணின்னா குளோரின் இருக்காது, உப்பும் கடினத்தன்மையும் இருக்கும். அதுக்குப் பயந்து ஆர்.ஓ. கேன் தண்ணி ஊத்தாதீங்க, அதுல தாதுக்களே இருக்காது, பி.எச். நிலையா நிக்காது. தண்ணியை நீங்க மாத்தறதைவிட, உங்க தண்ணிக்கு ஒத்துவர மீனைத் தேர்ந்தெடுக்கறது புத்திசாலித்தனம்.

மூணாவதுதான் முக்கியம். தண்ணி ஊத்தி, ஃபில்டர் ஓட விட்டு, மீன் வாங்காம இருக்கணும். நாலு வாரம், சில சமயம் ஆறு வாரம். தினமும் ஒரு சிட்டிகை தீனியை வெறும் தண்ணியில போடணும். அது அழுகி அமோனியா வரும். அதைத் தின்ன ஒரு கூட்டம் பாக்டீரியா ஸ்பாஞ்ச்ல குடியேறும். அது நைட்ரைட்டை விடும், அதுவும் விஷம்தான். அதைத் தின்ன ரெண்டாவது கூட்டம் வரும், அது இன்னும் மெதுவா வளரும். கடைசியில வரது நைட்ரேட், அது ஒப்பீட்டளவுல சாது. வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்தினா அதுவும் கட்டுக்குள்ள இருக்கும். டெஸ்ட் கிட்ல அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருக்குன்னா ப்ளான்ட் கமிஷன் ஆயிடுச்சுன்னு அர்த்தம். ட்ரிக்ளிங் ஃபில்டர் டயக்ராம் போட்டு மார்க் வாங்கினோமே, அதேதான் இந்த ஸ்பாஞ்ச். அதைப் பளபளன்னு பைப் தண்ணியில கழுவினீங்கன்னா குடியேறின கூட்டத்தையே கழுவி ஊத்திடுவீங்க. மாத்தறதுக்கு எடுத்த தொட்டித் தண்ணியிலேயே ரெண்டு பிழி பிழிஞ்சா போதும்.

அந்த அஞ்சு வாரம் எங்க வீட்டுல நான்தான் ஜோக்கு. "வெறும் தண்ணிக்கு லைட் போட்டு வச்சிருக்கான், அதுக்குச் சாப்பாடு வேற போடறான்"னு அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட சொல்லிச் சிரிச்சாங்க. தங்கச்சி மட்டும் தினம் சாயங்காலம் என்கூட டெஸ்ட் ட்யூப்ல சொட்டு எண்ணினா. அமோனியா ட்யூப் பச்சையில இருந்து மஞ்சளுக்கு மாறின அன்னிக்கு அவதான் முதல்ல கத்தினா.

அதுக்கப்புறம்தான் கொளத்தூர் போனேன். சென்னைப் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும், அங்க தெரு முழுக்க அலங்கார மீன் கடைதான். ஒரு கடையில "அண்ணா, ஆறு டேனியோ"ன்னு கேட்டேன். அவர் வலையை எடுக்கல. "தொட்டி போட்டு எத்தனை நாளாச்சு தம்பி?"ன்னு கேட்டாரு. அஞ்சு வாரம்னு சொன்னேன். அதுக்கப்புறம்தான் வலை தண்ணிக்குள்ள போச்சு. அந்தக் கேள்வியை எல்லாக் கடையிலயும் கேட்டா ஊர்ல பாதி மீன் பிழைக்கும்.

நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி ஒரு சில திருத்தம் சொல்லணும். நெட்ல இருக்கற பெரும்பாலான கைடு குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. முதல் வரியிலயே ஹீட்டர் வாங்கச் சொல்வாங்க. ஊட்டி, கொடைக்கானல்ல சரி. சென்னையிலயோ திருச்சியிலயோ நம்ம பிரச்சினை மே மாசம், மார்கழி இல்ல. தண்ணி சூடாக ஆகக் கரைஞ்சிருக்கற ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் பிடிக்கிற தண்ணி, 30 டிகிரியில ஏழரைதான் பிடிக்கும். மீனுக்கோ சூட்டுல மூச்சு அதிகம் வாங்கும். அதனால நமக்கு ஹீட்டரைவிட நல்ல ஏர் பம்ப் முக்கியம், கரண்டு போனா ஓடற பேட்டரி பம்ப் அதைவிட முக்கியம். வெயில் காலத்துல தொட்டி மேல ஒரு சின்ன ஃபேன் வச்சாலே ரெண்டு டிகிரி இறங்கும். எல்லாரும் ஆசைப்படற நியான் டெட்ராவுக்குக் கொஞ்சம் குளிர்ந்த, மென்மையான தண்ணிதான் பிடிக்கும். நம்ம மே மாச வராண்டா அதுக்குச் சரிவராது.

அப்போ டிபார்ட்மென்ட் தொட்டியில என்ன விடலாம்? முதல்ல ஆறு ஜீப்ரா டேனியோ. நம்ம துணைக்கண்டத்து மீன், கூட்டமா இருந்தாதான் சந்தோஷமா ஓடும், தாங்கும் சக்தி ஜாஸ்தி. உலகம் முழுக்க ஆராய்ச்சி லேப்கள்ல வளர்க்கறதும் இதைத்தான். ரெண்டு வாரம் டெஸ்ட் பண்ணி எல்லாம் பூஜ்யமா இருந்தா, அப்புறம் ஆறு செர்ரி பார்ப். அது இலங்கை ஓடைகள்ல இருந்து வந்தது. போர் தண்ணி ரொம்பக் கடினமா இருந்தா செர்ரி பார்புக்குப் பதில் கப்பி, ஆனா ஆண் மட்டும். பெண் கப்பி ஒண்ணு வந்தாலும் மாசாமாசம் குட்டி போடும், செமஸ்டர் முடியறதுக்குள்ள தொட்டி ஷேர் ஆட்டோ ஆயிடும். கொஞ்சம் வேலம்பாசி போடுங்க, அது நைட்ரேட்டை இழுத்துக்கும், மீனுக்கும் ஒளிய இடம். அவ்வளவுதான். பன்னிரண்டு மீனோட நிறுத்திக்கணும்.

எதை விடக்கூடாதுன்னும் சொல்லிடறேன். கோல்டு ஃபிஷ் வேண்டாம். அது கெண்டை குடும்பம், ஒரு சாணுக்கு மேல வளரும், பத்து வருஷம் தாண்டியும் வாழும். என் ரெண்டு மீனும் ஒன்பது நாள்தான் வாழ்ந்ததுன்னா கணக்கு பார்த்துக்கோங்க. "கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்"னு சொல்லிக் கொடுக்கற சக்கர் வேண்டவே வேண்டாம். விரல் நீளத்துல வரும், ஒரு அடிக்கு வளரும். வளர்ந்ததும் ஜனங்க என்ன பண்றாங்கன்னா ஏரியில விட்டுடறாங்க. பாவம், பொழைச்சுப் போகட்டும்னு. அது நல்லாவே பொழைச்சுப் போகுது, பிரச்சினையே அதுதான். தென் அமெரிக்க மீன், இன்னிக்குத் தமிழ்நாட்டு ஏரி, ஆறுகள்ல மீனவங்க வலையில மாட்டுது. முள்ளு வலையைக் கிழிக்கும், சந்தையில விலை போகாது. நம்ம கேம்பஸ் குளத்துலயும் எதையும் விடாதீங்க. வேண்டாம்னா கடைக்கே திருப்பிக் கொடுங்க, வாங்கிப்பாங்க.

என் ஐடியாவுலயும் ஓட்டை இருக்கு. லீவு நாள்ல யார் பார்ப்பாங்க? நல்லா இருக்கற வளர்ந்த மீன் நாலஞ்சு நாள் தீனி இல்லாம தாராளமா தாங்கும். பட்டினியைவிட அதிகத் தீனிதான் மீனை அதிகம் கொல்லுது. தீபாவளி, பொங்கல் பிரச்சினை இல்ல. செமஸ்டர் லீவுக்கு உள்ளூர் டே ஸ்காலர் ரெண்டு பேர் வாரம் ரெண்டு தடவை வந்தா போதும். ஃபர்ஸ்ட் இயர்ஸ் ஆர்வம் போயிட்டா? போகலாம். ஆனா 60 பேர்ல நாலு பேர் ஆர்வம் மிஞ்சினா ஒரு தொட்டி பிழைக்கும். 60 ஜாடி பிழைக்க 60 பேரும் ஆர்வமா இருக்கணும். ரிஸ்க் எங்க கம்மின்னு நீங்களே சொல்லுங்க. அதோட, சார் போர்டுல ரெண்டு அம்புக்குறி போடறப்போ இந்த பேட்ச் தூங்காது. அவங்க தேர்ட் இயர் வரதுக்குள்ள அந்த ரியாக்‌ஷனை வராண்டாவுல கண்ணால பார்த்திருப்பாங்க.

ஒரே ஒரு விஷயத்துக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க. ஃப்ரெஷர்ஸ் டே அன்னிக்குத் திரை விலக்கிக் காட்டறப்போ தொட்டியில மீன் இருக்காது. தண்ணியும், கல்லும், வேலம்பாசியும், குமிழ் விடற ஒரு ஸ்பாஞ்சும்தான் இருக்கும். ஜூனியர்ஸ் சிரிப்பாங்க, போட்டோவுல டல்லா இருக்கும். பரவாயில்ல. பக்கத்துல ஒரு ரெக்கார்ட் நோட்டு வைப்போம், முதல் பக்கத்துல அன்னிக்குத் தேதியும் அமோனியா ரீடிங்கும் எழுதி அவங்க கையில கொடுப்போம்.

போல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடுது. ஓட்டை மாத்திப் போடலாம், வாட்ஸ்அப்ல அந்த வசதி இருக்கு. நாலாவது ஆப்ஷனா "ஒரு தொட்டி"ன்னு சேர்க்கச் சொல்லி ரெப் கிட்ட பேசிட்டேன். எச்.ஓ.டி. சார் பர்மிஷன் லெட்டர் நான் எழுதறேன். முதல் அஞ்சு வார ரீடிங்கும் நானே எடுக்கறேன், என் தங்கச்சியோட டெஸ்ட் கிட் இருக்கு, அவ கடன் தரேன்னு சொல்லிட்டா. மே மாசம் நான் கிளம்பிடுவேன். அதுக்குள்ள சொட்டு எண்ணக் கத்துக்க ஃபர்ஸ்ட் இயர்ல ரெண்டு பேர் வேணும். விருப்பம் இருந்தா என்விரான்மென்டல் லேப் வாசல்ல புதன்கிழமை நாலு மணிக்கு வாங்க.